ஆகஸ்டை விட்டு நகராத கம்ப்யூட்டர்

1. நேர்காணல்

தேரடித் தெருப் பக்கம் அன்வர் பாயின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1997இல். அதுவரை அது வெறும் ஜெராக்ஸ் கடை. பாய் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதன்மேல் வெல்வெட் துணி போட்டு மூடி வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பயோடேட்டா அடிக்க ஆள் தேவை. வருகிறவர்கள் எல்லாம் ஒரு மாதம் இருந்து தொழில் பழகிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுகிறார்கள்.

“இன்னா படிச்சிருக்க?” என்று கேட்டார்.

“ஒன்பதாவது பாதி.”

“மீதி பாதி?”

“லாரியில கிளீனரா போயிட்டேன் பாய்.”

“கம்ப்யூட்டர் எங்க கத்துகின?”

“பெங்களூருல. கேம் ஆடி.”

பாய் சிரித்தார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். லாரிக்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பாண்டிச்சேரியில் ஓட்டல், அதன்பின் பெங்களூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் டீ வாங்கிக் கொடுக்கும் வேலை. இரண்டு ஊர்களில் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். அலுவலகத்தில் மட்டும் படுக்க இடமும், சாப்பாட்டு நேரத்தில் தொட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் கிடைத்தன. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்து பிசகாமல் அடித்தால்தான் கேம் திறக்கும். எனக்கு ஆங்கிலம் வந்தது அப்படித்தான். ஷேக்ஹேண்ட் கொடுத்துப் பேசத் தெரியாது. ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்றால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும்.

“எத்தினி நாள் இருப்ப?” என்றார் பாய்.

“தெரியல பாய்.”

“இதுவரைக்கும் வந்தவன் எல்லாம் ‘சாவற வரைக்கும் இருப்பேன்’னு சொன்னவனுங்க. நீ ஒக்காரு.”

ஆறு வருடம் இருந்தேன். என் வாழ்க்கையில் ஓர் இடத்தில் நான் அதிகம் இருந்தது அங்கேதான்.

2. முப்பது நாள்

கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினால் அப்போது ஒரு சி.டி. இலவசமாக வரும். பாதி உபயோகமற்ற மென்பொருள், நாலைந்து கேம் டெமோ. கேமுக்காகத்தான் நான் வாங்குவேன். 1999 ஆகஸ்டில் வந்த சி.டி.யில் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம், திசை, புத்தி, சனிப்பெயர்ச்சி எல்லாம் போட்டு, எட்டுப் பக்கம் தமிழில் பிரிண்ட் வரும். ஆனால் அது டிரையல். முப்பது நாள்தான் வேலை செய்யும்.

பாய் வெளியே ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு வைத்தார். கிரிவலம் வருகிற ஊர் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. “நம்ம கடையில ஜாதகமா?” என்று அவருடைய மச்சான் கேட்டதற்கு, “அவங்க பொறந்த நேரத்த அவங்க சொல்றாங்க, மிஷினு கணக்கு போடுது, நான் பேப்பர் குடுக்கறேன். ஜெராக்ஸு மாதிரிதான்” என்றார்.

முப்பதாவது நாள் நெருங்கியது. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி வெள்ளைக்காரர்கள் மெயில் பார்க்கும் நெட் சென்டருக்குப் போய், பூட்டை உடைக்கும் கிராக் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டேன். வைரஸ். அதை எடுக்க இரண்டு நாள் ஆனது. அப்போதுதான் தோன்றியது: மென்பொருள் கம்ப்யூட்டரின் தேதியைத்தானே பார்க்கிறது? தேதியைப் பின்னால் தள்ளினால்?

தள்ளினேன். திறந்துகொண்டது. அதிலிருந்து மாதக் கடைசி வந்தால் தேதியை மறுபடி 1999 ஆகஸ்ட் ஐந்துக்குக் கொண்டுபோய் விடுவேன். பிரிண்டின் கடைசி வரியில் தேதி விழுந்தது. அந்த வரி தாளுக்கு வெளியே போகும்படி மார்ஜினை மாற்றினேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவர் தேதி பார்ப்பது சுவர் காலண்டரில்.

3. கழித்தல்

2001 ஜூனில் ஒரு புதன்கிழமை காலை, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேலாயுதம் என்பவர் மகளோடு வந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரி. மகள் சுமதி, கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். முந்தின வாரம் வேலாயுதம் எங்களிடம் மகளுக்கு ஜாதகம் போட்டு வாங்கிப் போயிருந்தார். போளூரில் மாப்பிள்ளை வீடு. உள்ளூர் ஜோசியர் எல்லாப் பொருத்தமும் சரி என்று எழுதிக் கொடுத்தும், மாப்பிள்ளையின் தாய்மாமன், பையனுக்கு எங்கள் கடையில் எடுத்தது போலப் பெண்ணுக்கும் கம்ப்யூட்டர் ஜாதகம்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜோசியருக்குக் காசு கொடுத்து மாற்றி எழுதலாம், கம்ப்யூட்டருக்கு யார் காசு கொடுக்க முடியும் என்பது அவர் வாதம்.

எங்கள் தாளில் பெண்ணுக்கு ஏழரைச் சனி நடப்பதாக இருந்தது. மாமன் வேண்டாம் என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை ஆரணியில் வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம்.

சுமதி தாளை மேஜையில் வைத்தார். “அண்ணா, இதுல என் வயசு இன்னான்னு படிங்க.”

“இருபத்தொண்ணு.”

“போன மாசம் எனக்கு இருபத்திமூணு முடிஞ்சிச்சி. மேல பொறந்த தேதி சரியா இருக்கு, கீழ வயசு தப்பா இருக்கு. உங்க கம்ப்யூட்டருக்குக் கழித்தல் வராதா?”

வேலாயுதம் குறுக்கே வந்தார். “அத உடும்மா. வயச கம்மியா போட்டா நல்லதுதானே?”

“அப்பா, நீ கம்முனு இரு. வயசு தப்புன்னா சனியும் தப்பாதான இருக்கும்?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் கம்ப்யூட்டர் இரண்டு வருடம் முந்தைய சனியைக் காட்டிக்கொண்டிருந்தது. சுமதியின் மீன ராசிக்கு ஏழரை போன வருடமே முடிந்துவிட்டது.

பிரிண்டிங் மிஸ்டேக் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லலாமா என்று யோசிக்கவும் செய்தேன். சுமதி விடவில்லை. “இதுக்கு முன்னாடி பொண்ணு பாக்க நாலு பேரு வந்தாங்க. நாலு பேரும் வேலைய விடச் சொன்னாங்க. இந்த போளூர்க்காரர் ஒருத்தர்தான், வேலைக்கு நீ போ, நான் வேணாம்னு சொல்லலன்னாரு. எனக்கு இது வேணும்ண்ணா. தப்பு எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

சொல்லிவிட்டேன். முப்பது நாள், ஆகஸ்ட், மார்ஜின், எல்லாம்.

கல்லாவிலிருந்து பாய் எழுந்து வந்தார். “ரெண்டு வருஷமா என் கடையில ஆகஸ்டு மாசமா?”

“ஆமா பாய்.”

“சம்பளம் மட்டும் மாசாமாசம் வாங்கின?”

வேலை போய்விட்டது என்று நினைத்து என் பையை எங்கே வைத்தேன் என்று தேடினேன். பாய், “எங்க போற? அந்தப் பொண்ணுக்கு சரியா போட்டுக் குடுத்துட்டுப் போ” என்றார்.

4. ஃபார்மேட்

அதில்தான் சிக்கல். தேதியைச் சரியாக மாற்றினால் ‘உங்கள் சோதனைக் காலம் முடிந்தது’ என்று மென்பொருள் மூடிக்கொள்கிறது. தேதியைத் தப்பாக வைத்தால் சனி வந்துவிடுகிறார். அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தேன். முதலில் போட்ட தேதியை எங்கேயோ குறித்து வைத்திருக்கிறது. சென்னைக்கு எழுதி விலைக்கு வாங்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வராது.

மிச்சம் ஒரே வழி, ஹார்ட் டிஸ்கையே ஃபார்மேட் செய்து மொத்தமாக அழிப்பது. பாயின் பத்திரிகை டிசைன்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் முதலில் ஃபிளாப்பிகளில் ஏற்றவேண்டும். நாற்பது ஃபிளாப்பி இருந்தது. அதில் ஆறு, பாதியில் படிக்க முடியவில்லை என்று கையை விரித்தன. எட்டு மாதமாக நான் ஆடி, கடைசிக் கோட்டை வரைக்கும் கொண்டுவந்த கேம் ஒன்று இருந்தது. அதற்கு இடமில்லை. ஃபார்மேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது ‘ஒய்’ அடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பக்கத்தில் நின்ற பாய், “இன்னாபா, சாமி கும்பிடறியா?” என்றார்.

வியாழக்கிழமை மதியம் புது பிரிண்ட் வந்தது. தேதி 2001 ஜூன். வயது இருபத்துமூன்று. ஏழரைச் சனி இல்லை. மார்ஜினையும் சரி செய்தேன்.

5. போளூர்

பாய் என்னை வேலாயுதத்தோடு பஸ் ஏற்றிவிட்டார். “நீ போயி உன் வாயால சொல்லு. பேப்பர் மட்டும் போனா நம்ப மாட்டாங்க.”

நம்பவில்லைதான். தாய்மாமன் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். “போன வாரம் இருந்த சனி இந்த வாரம் எங்க போச்சு?”

“சனி போன வருஷமே போயிட்டாருங்க. எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியல.”

“கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு சொன்னாங்களே?”

“அது பண்ணலைங்க. இன்னிக்கு இன்னா தேதின்னு நான் அதுகிட்ட பொய் சொன்னேன். அது நம்பிடுச்சி.”

“அப்ப நீ சொல்றதத்தான் அதுவும் கேக்குமா?” மாமனின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம் அதிகமாக இருந்தது. மறுபடி தாளைப் பார்த்தவர் நிமிர்ந்தார். “அது இன்னா, பொண்ணுக்கு இருபத்திமூணு? அன்னிக்கு இருபத்தொண்ணு இருந்திச்சே!”

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார்.

“ரெண்டு வயசு கம்மியா போட்டிருச்சிங்க,” என்றேன். “உங்க மாப்பிள்ளை ஜாதகமும் எங்க கடையில எடுத்ததுதானே. அதுலயும் ரெண்டு கூட்டிக்கணும்.”

மாமன் அந்தத் தாளைத் தேடி எடுத்தார். இருபத்தேழு என்று இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தார்.

“யக்கா, நில்லு. பையனுக்கு இருபத்தொம்போது ஆவல? இதுல இருபத்தேழுன்னு கீது, நீ பாக்கலியா?”

“பாத்தேன்,” என்றார் அவர். “கம்மியாதானே போட்டிருக்குது, எதுக்கு சொல்லிகினுன்னு உட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தாங்க உட்டுட்டேன்,” என்றார் வேலாயுதம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அந்த அம்மாள்தான் சிரித்தார். மாமன் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்தார், முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே உள் அறையிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: “நாளைக்கு ஆரணிக்கு நான் வரல மாமா.”

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை நான்தான் அடித்தேன். சுமதி பிழை திருத்தினார். மூன்று பிழை பிடித்தார்.

6. அறிவிப்பு

பாய் அந்த மென்பொருளை முறைப்படி விலைக்கு வாங்கினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ‘இங்கு ஜாதகம் எடுத்தவர்கள் திரும்பக் கொண்டுவந்தால் இலவசமாகத் திருத்தித் தரப்படும்’ என்று என் கையாலேயே எழுதவைத்துக் கதவில் ஒட்டினார். இரண்டு வருடத்தில் நாங்கள் அடித்த அநேகமாக ஒவ்வொரு ஜாதகத்திலும் வயது தவறு. ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து ஒரே ஒருவர்தான் வந்தார். அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பெரிய பொண்ணுக்கு முன்ன இங்கதான் போட்டோம். சின்னவளுக்கும் அந்தப் பழைய கணக்குலயே போட முடியுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அந்த மிஷினு மவுத்தாயிடுச்சிங்க, அடக்கமும் பண்ணியாச்சு,” என்றார் பாய்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த கம்ப்யூட்டரைத் தொட்டாலும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, யாரும் புகார் சொல்லவில்லை என்பதால் உங்கள் வேலை சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். தப்பு தங்களுக்குச் சாதகமாக இருக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு பெண்தான் கழித்துப் பார்த்தார்.