மொபெட்டுக்கு மார்கழி முடிந்தது

மதுரையில் குளிர்காலம் கிடையாது என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முதல் பாடப்புத்தகம் வரை எல்லோரும் சொல்கிறார்கள். மொபெட் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தப் பெரும்பிழையைத் திருத்துவது என் கடமை. மனிதர்களுக்குத்தான் இங்கே குளிர்காலம் இல்லை, மொபெட்டுகளுக்கு உண்டு. ஐப்பசி மழைக்குப் பயந்து சாக்கைப் போர்த்தித் தொழுவத்து ஓரம் நிறுத்துவார்கள். கார்த்திகையில் பாதையெல்லாம் சேறு. மார்கழியில் எதையும் தொடங்கக் கூடாது என்பதால் சாக்கு அப்படியே கிடக்கும். தை பிறந்ததும் விலக்கிப் பார்ப்பார்கள். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் கரடி தானாக எழுந்து நடந்துவிடும். மொபெட் நடக்காது, திருநகரில் இருக்கிற எங்கள் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். தூங்கும் வண்டியை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கட்டிப்போன சகோதர சகோதரிகளே, என் அனுபவங்கள் உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

மிதித்தே வந்தவர்

இந்தத் தையில் முதலில் வந்தவர் பாண்டியம்மாள் அக்கா. திருமங்கலம் சாலையிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிராமத்தில் மாடு வைத்திருக்கிறார். பாலும் புல்லுக்கட்டும் அந்த மொபெட்டில்தான் போகும்; மழை மாதங்களில் மட்டும் தலைச்சுமை. பெடல் வைத்த பழைய வண்டி. மொபெட் என்பது அடிப்படையில் எஞ்சின் வைத்த சைக்கிள்தான் என்று நான் பலரிடம் விளக்கியிருக்கிறேன். அதை நம்பி ஊரிலிருந்து மிதித்தே கொண்டுவந்தவர் அக்கா ஒருவர்தான். அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார் அவருடைய வீட்டுக்காரர் ராசு அண்ணன்.

கே.கே. நகரில் ஞாயிற்றுக்கிழமை எக்சேஞ்ச் மேளாவாம். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாம். அதற்குள் மொபெட் ஓடாவிட்டால் மேளாவில் தள்ளிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். புது வண்டியை அவரே ஓட்டுவாராம். அக்காவுக்கு எங்கே போகவேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவாராம். அக்கா வண்டியை ஸ்டாண்டு போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அவரு கொண்டுபோய் விடணும்னா மொதல்ல டீக்கடையிலருந்து எந்திரிக்கணும், தம்பி. எப்படியாச்சும் கிளப்பிக் குடுத்துருங்க.”

கெடாத பொருள்

டாங்க் மூடியைத் திறந்த என் கூட்டாளி சேகர், முகர்ந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். ஐப்பசியில் ஊற்றிய பெட்ரோல். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நெடுநாள் கிடந்தால் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது பசை. அந்தப் பசை கார்புரேட்டரில் தலைமுடி நுழையும் அளவே இருக்கிற துளையை அடைத்துக்கொள்ளும். ஆகவே பழையதைக் கொட்டிவிட்டு, கார்புரேட்டரைக் கழுவி, புது பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும்.

ராசு அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பெட்ரோலியத்தைப் பற்றி நான் நிறையவே படித்திருக்கிறேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. “பூமிக்குள்ள அம்புட்டு வருசம் கெடாமக் கெடந்தது, எங்க தொழுவத்துல மூணு மாசத்துல கெட்டுப்போச்சாக்கும்?”

சைலன்சருக்குள் குடித்தனம்

கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. புது பிளக் மாட்டினோம், பொறி நன்றாகவே வந்தது. டயருக்குக் காற்று, செயினுக்கு ஆயில். ஸ்டாண்டில் நிறுத்தி மாற்றி மாற்றி மிதித்தோம். வண்டி ஒருமுறை இருமியது. பிறகு அதுவும் இல்லை. சேகர் சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தான். மூச்சே வரவில்லை. குனிந்து பார்த்தால், வாயை அடைத்து வழவழவென்று மண் பூசியிருந்தது. குளவிக் கூடு.

அவன் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அவர் மகள் மலர் கல்யாணமாகி வெகுநாள் கழித்து இப்போதுதான் மாசமாக இருக்கிறாள். குளவி கூடு கட்டிய வீட்டில் தொட்டில் கட்டுவார்கள். கூட்டைக் கலைக்கக் கூடாது. நான் சும்மா இருந்திருக்கலாம். குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பது தவறு, அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குக் கட்டிவைத்த சோறு என்று உண்மையை எடுத்துச் சொன்னேன். “நீங்க படிச்ச புத்தகத்தையெல்லாம் எம்மக பேறுகாலம் முடிஞ்சப்பறம் தொறங்க, தம்பி” என்றார் அக்கா.

ராசு அண்ணனுக்குத் திடீரென்று சாத்திரத்தில் பக்தி வந்துவிட்டது. “கூட்டைக் கலைக்கிறது பாவம். வண்டிய அப்படியே மேளாவுல விட்டுருவோம்” என்றார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேளாக்காரன் மட்டும் அதைத் தாலாட்டி வளப்பானாக்கும்?”

சுத்தியல் இல்லாத வைத்தியம்

கூட்டையும் கலைக்கக் கூடாது, வண்டியும் ஓட வேண்டும். வழி ஒன்றுதான்: சைலன்சரையே கழற்றிக் கூட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவது. சொல்வது எளிது. துருப்பிடித்த சைலன்சர் நட்டுக்கு எங்கள் தொழிலில் ஒரே மருந்து சுத்தியல். தட்டினால் மண் உதிரும். அதனால் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தோம். டீ குடித்தோம். மறுபடி விட்டோம். கடைசியில் நட்டு முனகிக்கொண்டே திரும்பியது. மடியில் தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல சேகர் சைலன்சரைச் சாக்கின் மேல் வைத்தான். ஒரு மண்ணும் உதிரவில்லை.

பட்டறைப் பின்புறம் கிடந்த வேறொரு பழைய சைலன்சரில் படிந்திருந்த கரியை எரித்துச் சுத்தம் செய்து மாட்டினோம். அக்கா ஏறி உட்கார்ந்து மிதித்தார். மூன்றாவது சுற்றில் நீலப் புகையோடு படபடவென்று பிடித்துக்கொண்டது. தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எங்களுக்கு அது சாம்பிராணி. சேகர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “தாயும் பிள்ளையும் சொகம், மாப்ள. அடுத்த வண்டிய எடு.”

பசுமலை ஏற்றம்

கிளம்புவது வேறு, ஓடுவது வேறு என்றார் ராசு அண்ணன். பாரம் ஏற்றிப் பசுமலைப் பக்கத்து ஏற்றத்தில் போகவேண்டுமாம். நியாயமான சோதனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். சாலையோரம் விற்ற முழுப் புல்லுக்கட்டு ஒன்றை வாங்கிப் பின்னால் கட்டினோம். அக்கா போனார். பின்னாலிருந்து பார்த்தால் ஆளும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை; ஒரு புல்லுக்கட்டு தானாகப் படபடத்துக்கொண்டு ஏற்றத்தில் போவதுபோல இருந்தது. பாதியில் நிற்கவில்லை. பெடலுக்குக் காலும் போகவில்லை.

ராசு அண்ணன் ஏற்றத்தின் அடியில் இருந்த டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். அக்கா மேலே போய்த் திரும்பி வந்து, அவர் முன்னால் வண்டியை நிறுத்தினார். “ஏத்தத்துல ஏறிருச்சு, சரி. எறங்குமான்னு பாத்தியா?” என்றார் அண்ணன்.

மொபெட் ஓடக் காற்றும் பெட்ரோலும் பொறியும் போதும் என்று எழுதியவர்கள் யாரும் மொபெட்டின் வீட்டுக்காரரைச் சந்தித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராசு அண்ணன் மேளாவைச் சும்மா பார்த்துவிட்டு வரப் போனார். வண்டியை அக்கா ஓட்டினார். அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தார்.