கோப்பெங் ஏற்றத்தில் படுத்துவிடும் கார்

ஊசி போடும் நாளில் மட்டும்தான் அந்தப் பழைய கார் என் உயிரை வாங்கும். மற்ற நாட்களில் ஈப்போ குனோங் ராபாட்டில் என் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும், சந்தைக்குப் போகும், ஒரு முனகல் இருக்காது. மாதம் ஒருமுறை பீடோருக்குப் போய் அண்ணனை ஏற்றிக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும், தாப்பாவைத் தாண்டி கோப்பெங் ஏற்றம் தொடங்கியதும் படுத்துவிடும். மிதியை எவ்வளவு அழுத்தினாலும் இழுக்காது. பின்னால் வரும் லோரிக்காரன் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவான். ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இரண்டு மேடு தாண்டினால் திரும்பவும் அதே கதை.

அண்ணனுக்கு அந்த ஊசி தவறக்கூடாது. தவறினால் தூக்கம் போய்விடும். தூக்கம் போனால் வேட்டியோடு சாலையில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவார். பக்கத்துக் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிப் பார்த்தார்கள். அங்கே பழகிய மிஸ்ஸியை, அந்த நர்ஸைத் தவிர வேறு யாரிடமும் கையை நீட்ட மாட்டேன் என்றுவிட்டார். வேறு வண்டியிலும் ஏற மாட்டார். முதன்முதலில் அவரைப் பிடித்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யாரோ ஒருவருடைய வேன். அன்றிலிருந்து என் காரைத் தவிர எந்த வண்டி வாசலில் நின்றாலும் கதவைச் சாத்திக்கொள்வார்.

நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் மூடியபோது எங்களுக்குக் கொடுத்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சோறு கொடுத்துவிடுவார். நான் போய் இறங்கினால் எனக்கும் ஒரு கிளாஸ் தே வரும். நான் அதைக் குடிக்கும் நேரத்தில் அண்ணன் எஞ்சின் மூடியை, பானட்டை, திறக்கச் சொல்லுவார். ஒரு காலத்தில் தோட்டத்து லோரியில் கிளீனராக இருந்தவர். பின்னால் சாமான் வைக்கும் பூட்டிலிருந்து கேனை எடுத்துவந்து தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார். திரும்ப வந்து இறங்கியதும் சூடு ஆறட்டும் என்று மறுபடி திறப்பார். அந்த ஒரு வேலையாவது சந்தோஷமாகச் செய்கிறாரே என்று நானும் விட்டுவிடுவேன்.

ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்காரர் ஒரு சீனர், பொறுமைசாலி. பிளக் மாற்றினார். பெட்ரோல் பில்டர் மாற்றினார். பம்ப்பையும் மாற்றினார். கடைசியில் அவரே காரை எடுத்துக்கொண்டு கோப்பெங் ஏற்றத்தில் போய் வந்தார். அன்றைக்குப் பார்த்து குதிரை மாதிரி ஓடித் தொலைத்தது. கோளாறு காரில் இல்லை, எனக்குத்தான் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு மனது கேட்காமல் ஒரு வழி சொன்னார். அடுத்த தடவை படுத்தால் எஞ்சினை அணைக்காதே, திணறிக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் திறந்து பார், நீ அணைப்பதால்தான் கோளாறு ஒளிந்துகொள்கிறது என்றார்.

எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், காரைவிட அண்ணன்தான் எனக்கு அலுத்துவிட்டார். கோலாலம்பூரில் இருக்கும் என் மகள் ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்: மாமாவை ஈப்போவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுங்கள், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும், நீங்களும் ஹைவேயில் அடிபட்டுச் சாக வேண்டாம் என்று. நான் இழுத்தடித்தேன். கார் இப்படி மாதாமாதம் நடுரோட்டில் நிற்க ஆரம்பித்த பிறகு அவள் சொல்வதுதான் சரி என்று பட்டது. போன மாதம் அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்துப் பேசியும் வந்தேன். இந்த முறையும் ஏற்றத்தில் படுத்தால் ஊசி முடிந்த கையோடு நேரே அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு. புதுச் சாரோங், சட்டை, டூத் பிரஷ், துண்டு எல்லாம் வாங்கி ஒரு பையில் போட்டு, காரின் பின்னால் பூட்டில் வைத்துக்கொண்டுதான் பீடோருக்குப் போனேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

தாப்பா தாண்டியது. ஏற்றம் வந்தது. சொல்லிவைத்த மாதிரி படுத்தது.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை. ஓரம் கட்டினேன். பழக்கதோஷத்தில் சாவிக்குப் போன கை பட்டறைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்து நின்றது. எஞ்சினைத் திணறவிட்டபடியே இறங்கிப் போய் பானட்டைத் தூக்கினேன். அண்ணனும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

காற்று இழுக்கும் குழாயின் வாயை ஒரு சிவப்புத் துணி அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். எஞ்சின் ஒரு உறுமல் உறுமிவிட்டு நிம்மதியாக ஓட ஆரம்பித்தது. துணி முனையில் முடிச்சு. முடிச்சுக்குள் திருநீறு.

எனக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகும்போது துணி சும்மா கிடக்கும். ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சின் காற்றோடு துணியையும் சேர்த்து இழுக்கும். அணைத்தால் விழுந்துவிடும். காலையில் தண்ணீர் பார்க்கும் சாக்கில் அண்ணன் உள்ளே வைப்பார், வீட்டுக்குப் போனதும் எடுத்துவிடுவார். பட்டறையில் எதைக் கண்டுபிடிப்பது? தலைக்கு மேல் ஏறிவிட்டது எனக்கு. வயதுக்கு மூத்தவர் என்றுகூடப் பார்க்காமல், ரோட்டோரத்தில் நின்று என்ன வாய்க்கு வந்ததோ எல்லாம் கத்தினேன். இந்தத் துணியால் எத்தனை மாதம் நாம் இரண்டு பேரும் சாகப் பார்த்தோம் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் துணியை என் கையிலிருந்து வாங்கி மடித்தார்.

“முனியாண்டி கோயில் துணி, பாப்பா. காடியில கட்டுனா, ஏத்திக்கிட்டுப் போன ஆளோடதான் காடி திரும்பி வரும்.”

“யாருண்ணே அப்படிச் சொன்னது?”

“நான் வேண்டிக்கிட்டேன். அன்னிக்கு நீ மக கூட போன்ல பேசுனல்லா, ஹோம்ல விடுறதப் பத்தி. நான் தூங்கல.”

அந்தப் பேச்சு எனக்கு நினைவிருந்தது. காரை ஓட்டியபடி, போனைச் சத்தமாக வைத்து, பக்கத்தில் தூங்குகிறார் என்ற தைரியத்தில் பேசியது. அதுவரைக்கும் கார் ஒருநாளும் படுத்ததில்லை. கார் படுத்ததால் இல்லத்தில் விடும் முடிவு வந்தது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது நேர்மாறு.

வாங்கண்ணே, நேரமாச்சு என்று மட்டும் சொன்னேன். துணியை முன்னால், கண்ணாடிக்குக் கீழே விரித்து வைத்தேன். முனியாண்டி எஞ்சினில் வேக வேண்டாம், நம்மோடு முன்னால் உட்காரட்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். கார் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறியது. மிஸ்ஸி ஊசி போட்டார். ஈப்போவில் அந்த இல்லத்துக்குத் திரும்பும் சாலை வந்தபோது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் நேரே ஹைவேயைப் பிடித்தேன்.

பீடோரில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வழக்கம்போல் பானட்டுக்குப் போவார் என்று பார்த்தேன். அவர் காரின் பின்பக்கம் போய் நின்றார்.

“பூட்டத் தொற, பாப்பா. அந்தப் பைய இப்ப எறக்கிறலாம்லா?”

காலையில் நான் தே குடிக்கும்போது, தண்ணீர்க் கேனை எடுக்கப் பின்னால் போனவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் என் காரில் ஏறியிருக்கிறார்.