சாப்பிடாமல் போன போலீஸ்

இங்கே போலீஸ் சொல்லிவிட்டு வருகிறது. ஆரணியில் இருந்து படிக்கிறவர்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை என் செல்போனுக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமை பிற்பகல் உங்கள் வீட்டுக்கு வரலாமா, அந்த நேரம் உங்களுக்கு வசதிப்படுமா என்று ஒரு பெண் போலீஸ் கேட்டிருந்தார். வசதிப்படாவிட்டால் வேறு நாள் பார்க்கலாமாம். பல் டாக்டரிடம் நேரம் வாங்குவது போல இருந்தது. படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊர். மனைவி எஸ்தர் மருத்துவமனையில் நர்ஸ். நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இயந்திரங்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஊரிலேயே நான் அதிகம் வாய் திறக்காதவன். இங்கே வந்தபிறகு இருந்த கொஞ்சமும் போய்விட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. அது வாடகைக்குக் கிடைத்ததே பெரும்பாடு. பக்கத்து வீட்டில் டெரிக் என்பவர் தனியாக இருக்கிறார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது அவர் தலையசைப்பார், நானும் அசைப்பேன். அவ்வளவுதான் பழக்கம்.

போலீஸ் எழுதியிருந்த காரணம் அவர்தான். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டிலிருந்து வரும் வாசனையைப் பற்றி எங்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை எஸ்தருக்கு விடுமுறை. அன்று கேழ்வரகு அடை தட்டி, நெத்திலிக் கருவாடு வறுப்போம். சமையலறைப் புகை மணி அலறக் கூடாதென்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறுப்போம்.

"வூட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா இன்னாங்க பண்றது? மறுபடி எங்க போய் நிக்கறது?" என்றாள் எஸ்தர். வியாழக்கிழமை அவளுக்கு வேலை நாள். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "சும்மா தலையாட்டிகினு நிக்காம நாலு வார்த்தை பேசுங்க. அந்தம்மாவுக்கு ஒரு அடை சுட்டு வைங்க."

அடை சுடச் சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆரணியில் எங்கள் தெருமுனையில் அம்மா சாயங்காலங்களில் அடைக்கடை போட்டிருந்தார். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட கேழ்வரகு அடை, பக்கத்தில் ஒரு உருண்டை வேர்க்கடலைத் துவையல். படவேட்டுப் பக்கமிருந்து வரும் மந்தாரை இலையில் வைத்துத் தருவார். சூட்டில் இலை வதங்கி வரும் மணத்துக்கே ஆட்கள் வருவார்கள். தறிச் சத்தம் ஓய்கிற நேரத்தில் ஏட்டு தணிகாசலம் சைக்கிளில் வந்து இறங்குவார். விளக்குக் கம்பத்தில் லத்தியால் இரண்டு தட்டுத் தட்டுவார். போலீஸ் வந்திருக்கிறது என்று தெருவுக்குத் தெரிய அது போதும்.

சண்டை போட்ட இரண்டு பேரையும் அம்மாவின் கடை பெஞ்சில் ஒட்டி உட்காரவைப்பது ஏட்டின் வழக்கம். ஒரு அடையை வாங்கி, இரண்டாகப் பிட்டு, ஆளுக்குப் பாதி கொடுப்பார். தனக்கு ஒன்று வாங்கிக்கொள்வார். எல்லாரும் தின்று முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. முடித்தால் விவகாரமும் முடிந்தது. ஏட்டு சாப்பிடாமல் எழுந்துவிட்டால் மட்டும் ஸ்டேஷன்தான்.

ஒருமுறை முனுசாமி தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார். நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளை அப்படி இழுத்துக் கட்டி ஒழுங்கு செய்வார்கள். கறிக்கடை பாஷா பாயின் ஆடு அதற்குள் புகுந்துவிட்டது.

"எம்மாம் இழை அறுந்துகீது பாரு! ஆட்ட வச்சிகினுகிறவன் ஆட்டப் பாக்க மாட்டியா?" என்று கத்தினார் முனுசாமி.

"தெருவையே மறிச்சிகினா ஆடு இன்னா பறந்தா போவும்?" என்றார் பாய்.

ஏட்டு இருவரையும் பெஞ்சுக்குக் கொண்டுவந்தார். முனுசாமி அடையைத் தொடவில்லை. "எனக்குப் பசியில்ல ஏட்டய்யா."

"பசிக்குதான்னு கேட்டனா? துன்னுய்யா ஜல்தி. எனக்குக் கோயில் தெருவுல இன்னொரு பஞ்சாயத்து கீது."

"உங்க பேஜார்ல என் அடை ஆறிப் போவுது," என்றார் அம்மா, கல்லைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

முறைத்துக்கொண்டே தின்றார்கள். நடுவில் பாய்க்கு விக்கல் எடுத்தது. தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தியது முனுசாமிதான்.

அந்தக் காலத்துப் போலீஸ் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த லத்தி கம்பத்தை மட்டும் தட்டவில்லை. ஊருக்கு வெளியே தள்ளி இருந்தவர்களை யாரும் அடைக்கடைக்குக் கூப்பிடவில்லை. அவர்களை நேராக ஸ்டேஷனுக்குத்தான் இழுத்துப்போனார்கள். பெஞ்சில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டுமே அந்த நியாயம். அங்கே இருந்தவரை இது எனக்கு உறைக்கவில்லை. இந்த ஊரின் பெஞ்சில் எனக்கு இடம் உண்டா என்று தெரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது.

சொன்ன நேரத்துக்கு அந்தப் பெண் வந்தார். சின்ன வயது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடைத் தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் சிரித்து, "ஐ காண்ட், லவ்," என்றார். இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாதாம். நான் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அவர் மெதுவாகத் திருப்பித் தள்ளினார். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பாருங்கள் என்று நிதானமாகச் சொன்னார். வார்த்தைகள் எல்லாம் புரிந்தன. ஆனால் அவர் போனபிறகும் தட்டில் அடை முழுசாக இருந்தது.

சாயங்காலம் எஸ்தர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "துன்னாங்களா?"

"இல்ல."

"ஒரு வாய்கூடவா?"

"நம்ம மேல தப்பில்லன்னு சொன்னாங்க."

"துன்னாம சொன்னா அது எப்படிங்க முடிஞ்சதாவும்?" என்றாள்.

நோயாளிகள் கொடுக்கும் சாக்லேட்டை விதியில் இடமில்லை என்று திருப்பிக் கொடுக்கிறவள் அவள். தேவிகாபுரத்துப் பெண்ணானாலும் எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். ஏட்டின் பெஞ்சைக் கண்ணால் பார்த்தவள். அந்த முழு அடையைத் தட்டோடு என் பக்கம் தள்ளினாள்.

அதைச் சுட வைத்து எடுத்துக்கொண்டு டெரிக் வீட்டுக் கதவைத் தட்டினேன். மனதில் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் கதவு திறந்ததும் போய்விட்டது. தட்டை நீட்டி, அடையை இரண்டாகப் பிட்டேன். பாதியை அவரிடம் கொடுத்தேன். "ஷேர்," என்றேன்.

அவர் மோந்து பார்த்தார். "இதுதான் அந்த மீனா?"

"நோ ஃபிஷ். ஃபிஷ் சாட்டர்டே."

ஒரு கடி கடித்து வெகுநேரம் மென்றார். "ட்ரை," வறண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். வெண்ணெயும் கத்தியுமாகத் திரும்பி வந்தார். தன் பாதியில் தடவினார். கேட்காமலே என் பாதியிலும் தடவினார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை அவர் துணி துவைத்துக் கொல்லையில் காயப்போடும் நாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையில் மீன் வாசனை. நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, தெருவில் நடந்து போன போலீஸ்காரப் பெண்ணிடம் சொன்னாராம். நாளெல்லாம் துணி துவைக்கிற எனக்கு இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கருவாட்டை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிவிட்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாசனை கிளம்பியதும் அவர் பக்கமிருந்து சுவரில் இரண்டு தட்டு விழுகிறது. ஏட்டு வந்துவிட்டார் என்று உடம்பு முதலில் எழுந்து நிற்கிறது. ஆரணி இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெரிகிறது. பாதி அடையை அவருக்குக் கொடுத்து, மீதிப் பாதியை அவர் வாசலிலேயே தின்கிறேன். அவர் மெதுவாக மெல்லுகிறவர். என் பங்கு தீர்ந்தபிறகும் நான் நகர்வதில்லை. இருவரும் முடிக்காமல் எழக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. "குளிருதே, உள்ளே போயேன்," என்கிறார் ஒவ்வொரு முறையும். இரண்டு வீட்டுப் படிகளும் ஒட்டியே இருக்கின்றன. ஒரு கால் அவர் படியிலும் ஒரு கால் எங்கள் படியிலுமாக, அவர் கடைசி வாய் விழுங்கும்வரை நின்றுகொண்டிருக்கிறேன்.