மேஜை மேல் இருந்த டெலிபோன்

கல்கத்தாவில் சொந்தமாக ஒரு சரக்கு வேன் வைத்திருப்பவனுக்கு நல்ல டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அமைவதும், ஒரு பெண்ணுக்கு நல்ல மாமியார் அமைவதும் ஒன்றுதான். பார்க்கப் போகும்போது எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருப்பார்கள். எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்காக அப்படி ஒரு ஆபீஸைத் தேடி அலைந்தவள் நான். அவர் வண்டியை ஓட்டுவார், நான் வாயை ஓட்டுவேன். எங்கள் வீட்டு ஏற்பாடு அது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வங்காளி வராது, இந்தி அரைகுறை. நான் கல்கத்தாவுக்கு ஆற்றின் அக்கரையில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழை விட வங்காளியில்தான் எனக்கு நன்றாகச் சண்டை போட வரும்.

அவர் டிரைவராக இருந்த பெயிண்ட் கம்பெனியில் லாக்-அவுட் ஆகி வேலை போனது. கணக்குத் தீர்த்துக் கொடுத்ததோடு என் வளையல்களையும் சேர்த்து ஒரு பழைய வேன் வாங்கினோம். நீல நிறம். முன் கண்ணாடிக்கு மேலே 'முருகன் துணை' என்று தமிழில் எழுதச் சொன்னேன். எழுதிய பெயிண்டர் வங்காளி. நான் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் படம் வரைகிற மாதிரி வரைந்தான்.

வண்டி இருந்தால் மட்டும் சரக்கு வந்துவிடாது. கடைக்காரர்கள் தெருவில் போகிற வேன்காரனை நம்பி மூட்டையைக் கொடுக்க மாட்டார்கள். நடுவில் ஒரு ஆபீஸ் வேண்டும். அவர்கள் சரக்கைப் பிடித்து நம் வண்டியில் ஏற்றுவார்கள், கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் அப்படி யாரும் இல்லாமல், தெரிந்தவர் ஒருவருக்காக ஆசன்சோல் வரை போனார். ஆக்சில் உடைந்து நடுவழியில் மாட்டிக்கொண்டார். நாள் கணக்கில் ஒரு தகவலும் இல்லை. டாலிகஞ்சில் எங்கள் வாடகை அறை வாசலில் நின்று, தெருவில் திரும்புகிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. திரும்பி வந்தவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"கமிஷன் எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும். நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குச் சொல்ற ஆபீஸா இருக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்."

இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் தேடினோம். முதலில் படாபஜாரில் ஒருவர். அவர் ஆபீஸுக்கு எதிரில் வண்டிகளுக்கு அடியில் டிரைவர்கள் படுத்துக்கிடந்தார்கள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒருவன் கணக்கே இல்லை என்பதுபோல் கையை அசைத்தான். அடுத்து கரியாஹாட் பக்கம் ஒரு தமிழர். நம்மவர் என்று ஆசையாகப் போனால், எந்த ஊர், என்ன ஜாதி, யார் வீட்டுப் பெண் என்று துருவித் துருவிக் கேட்டாரே தவிர, வண்டியை வெளியே வந்து எட்டிப் பார்க்கவில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று நான் அலுத்துக்கொண்டேன்.

பிறகு சாந்த்ராகாச்சியில், ரயில்வே யார்டுக்கு வெளியே லாரிகள் நிற்கிற மைதானத்தில், ஒரு சர்தார்ஜி. போர்டு கிடையாது, மேஜை கிடையாது. ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேல் அவர். எழுந்து வந்து எங்கள் வண்டியின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். வழியில் எங்கே சாப்பிடுவாய் என்று என் கணவரைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டைப் பற்றி உனக்கென்ன என்று நினைத்துக்கொண்டு, "இவர் வெளியூர் போனால் எனக்கு எப்படித் தகவல் தெரியும்?" என்று இந்தியில் கேட்டேன்.

"கபர் ஆ ஜாயேகி" என்றார். தகவல் வந்துவிடும்.

யார் கொண்டு வருவார், எப்படி வரும், ஒன்றும் சொல்லவில்லை. வெறும் வாய்ப்பந்தல் என்று அவரைத் தள்ளிவிட்டேன்.

கடைசியாகத்தான் அந்த டெலிபோனைப் பார்த்தேன். படாபஜாரிலேயே மாடியில் ஒரு ஆபீஸ். கண்ணாடி போட்ட மேஜை, அதன் மேல் துடைத்து வைத்த கறுப்பு டெலிபோன். மேனேஜர் வங்காளி பாபு, வெள்ளை வேட்டி, மெதுவான பேச்சு. "பௌதி, உங்களுக்கு எப்போது கவலை வந்தாலும் ஒரு போன் பண்ணுங்கள்" என்றார். அண்ணி என்று கூப்பிட்டுவிட்டார், நான் குளிர்ந்துபோனேன். என் கணவர் டெலிபோனை நோக்கிக் கையை நீட்டி, "எடுத்துப் பாக்கலாமா?" என்று தமிழில் கேட்டார். பட்டிக்காட்டான் மாதிரி நடந்துகொள்கிறாரே என்று நான் அவர் முட்டியில் தட்டினேன். கையை இழுத்துக்கொண்டார்.

அந்த ஆபீஸின் நம்பரை வேனின் கதவில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுத வைத்தது நான்தான். வழியில் ஏதாவது ஆனால் பார்க்கிற யாராவது போன் செய்யலாம் அல்லவா. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் எங்கள் ஆபீஸில் டெலிபோன் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டேன். மாதங்கள் நன்றாகத்தான் போயின. எல்லாம் பக்கத்து ஊர்கள். காலையில் போனால் அன்றோ மறுநாளோ வந்துவிடுவார். போன் பண்ண எனக்கு அவசியமே வரவில்லை.

துர்கா பூஜைக்கு முன்னால் கரியாஹாட்டில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் நெரிகிற சமயம். வெளியூர்க் கடைகளுக்கும் புடவை மூட்டைகள் போயாக வேண்டும். ராம்பூர்ஹாட்டுக்கு ஒரு லோடு கொடுத்தார்கள். "நாளன்னிக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அன்று மாலை பிடித்த மழை விடவில்லை. டாலிகஞ்சில் எங்கள் அறைக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில் மேல் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நானும் ஏறி உட்கார்ந்திருந்தேன். வீட்டுச் சொந்தக்காரரின் ரேடியோவில் ஒவ்வொரு ஆறாகப் பெயர் சொல்லி உடைத்துக்கொண்டது என்றார்கள். எல்லாம் அவர் போன திக்கில் இருந்த ஆறுகள்.

தெருமுனை மருந்துக்கடைக்குத் தண்ணீரில் நடந்து போய், அங்கிருந்த டெலிபோனில் ஆபீஸ் நம்பரைச் சுற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. மழையில் லைன் போயிருக்கும் என்றார் கடைக்காரர். மறுநாளும் சுற்றினேன். அதற்கு மறுநாளும். கடைக்காரர் அவர் அண்ணனிடம் பேசிய அதே டெலிபோனில் எனக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் தண்ணீரில் நீல நிறமாக ஏதோ போகிறது. நான் வேண்டாத தெய்வமில்லை. காளிகாட் காளியிடமும் வேண்டினேன், முருகனிடமும் வேண்டினேன்.

தண்ணீர் வடிந்து டிராம் ஓடத் தொடங்கிய அன்று படாபஜாருக்குப் போனேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"பௌதி, நல்ல வேளை வந்தீர்கள்" என்றார். "சரக்கு எங்கே? உங்களுக்கு ஏதாவது தகவல் வந்ததா?"

நான் அவரிடம் கேட்க வந்ததை அவர் என்னிடம் கேட்டார். நான் கையை நீட்டி டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அது போன பூஜையிலிருந்தே டெட்" என்றார் அவர், சர்வ சாதாரணமாக. "கம்ப்ளைன்ட் கொடுத்திருக்கிறோம். வருவார்கள்."

இந்த ஊர்க்காரி நான். வருஷக் கணக்கில் ஊமையாகக் கிடக்கிற டெலிபோன்களை வீட்டுக்கு வீடு பார்த்தவள். துணி போர்த்தி, பூ வைத்து, அலங்காரப் பொருளாகவே வைத்திருப்பார்கள். எங்கிருந்தோ வந்த மனிதருக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றியது, எனக்குத் தோன்றவில்லை. மேனேஜர் டீ சொல்லியனுப்பினார். நான் குடிக்காமல் படியிறங்கினேன். கீழே தெருவில் நின்று வாய்விட்டு அழுதேன். சுமை தூக்குகிறவர்கள் என்னைச் சுற்றி ஒதுங்கிப் போனார்கள்.

போவதற்கு வேறு இடம் இல்லை. பாலம் தாண்டி, பஸ் பிடித்து, சாந்த்ராகாச்சி மைதானத்துக்குப் போனேன். சர்தார்ஜி என்னை மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன். அவர் மறக்கவில்லை.

"தகவல் எப்படி வரும் என்று கேட்டுவிட்டுப் போன மதராஸிப் பெண்தானே" என்றார். என் முகத்தைப் பார்த்தவர் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னார்.

எந்தப் பக்கம் போனார், வண்டி என்ன நிறம், வழியில் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டார். அவருக்கு ரொட்டி இறங்காது, அரிசிச் சோறு கிடைக்கிற இடத்தில்தான் நிறுத்துவார் என்று இந்த முறை ஒழுங்காகப் பதில் சொன்னேன். மைதானத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு லாரியையும் அவர் நிறுத்தினார். நீல வேன், மதராஸி, பார்த்தாயா. ஒவ்வொருவரும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒரு தலை ஆட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான் எப்படி மூச்சுவிட்டேன் என்று இப்போது நினைத்தாலும் புரியவில்லை. அவர் உயிரோடு இருந்தால் போதும், வண்டி போகட்டும், வளையல் போகட்டும், அடுத்த வேளைச் சோறே போகட்டும் என்று மனசுக்குள் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் பானெட் வரை சேறு அப்பிய ஒரு லாரி வந்தது. அதன் டிரைவரும் சர்தார்தான்.

"முன்னால் ஜிலேபி மாதிரி எழுத்து இருக்குமே, அந்த வண்டியா?" என்று கேட்டான்.

ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அஜய் ஆறு ரோட்டை அறுத்துக்கொண்டு போன இடத்தில், தண்ணீருக்கு நடுவே ஒரு மேட்டில் வேன் நிற்கிறதாம். படகுக்காரர்கள் அங்கே மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் இக்கரை சேர்த்துவிட்டார்கள். இவர் மட்டும் படகில் ஏறவில்லை. மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, வண்டியின் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம் கதவில் இருக்கும் நம்பரைக் காட்டி, "ஆபீஸ், டெலிபோன், ஆத்மி ஆயேகா" என்கிறாராம். ஆபீஸுக்குப் போன் பண்ணுங்கள், ஆள் வருவார்கள் என்று அர்த்தம். இவனும் பர்த்வான் வந்து டிரங்க் கால் போட்டுப் பார்த்திருக்கிறான். மணியே அடிக்கவில்லை.

"தண்ணீர் இன்னும் ஏறுகிறது" என்றான் சர்தார்ஜியிடம், எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி. எனக்குக் கேட்டது.

விடியும் முன் வெள்ளத்தில் தவிப்பவர்களுக்கு அவலும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு அவன் திரும்பவும் அதே வழியில் போகிறான் என்றார் சர்தார்ஜி. நானும் வருகிறேன் என்றேன். முடியாது என்றார். நான் அவர் காலில் விழப் போனேன்.

"நீங்கள் கூப்பிட்டால் அவர் வர மாட்டார்" என்றேன். "ஆபீஸ் ஆள் வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நான் சொல்லி அவர் நம்புகிறார். நான் சொன்னால்தான் இறங்குவார்."

சர்தார்ஜி அந்த டிரைவரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அப்படியென்றால் உன் பாஷையில் சொல். இவன் எடுத்துக்கொண்டு போவான்."

அந்த மைதானத்தில், ஈரச் சேலையோடு நின்று, ஒரு பஞ்சாபி டிரைவருக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்தேன்.

"யாரும் வரமாட்டாங்க. வண்டியை விட்டுட்டு வாங்க."

'வரமாட்டாங்க' அவன் வாயில் நுழையவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னார் சர்தார்ஜி. மறுபடி சொன்னேன். யாரும் வரமாட்டாங்க. இன்னொரு தரம். யாரும் வரமாட்டாங்க. அவனுக்குப் பாடமாவதற்குள் எனக்குத் தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அவன் அதைச் சிறு பிள்ளை மாதிரி, ஆனால் தெளிவாகச் சொன்னான். லாரிக்குப் போகும்போதும் சொல்லிக்கொண்டே போனான்.

மறுநாள் மைதானத்துக்கு வந்தேன். அதற்கடுத்த நாளும் வந்தேன். எதுவும் தெரியவில்லை. சர்தார்ஜி ரொட்டியும் பருப்பும் கொடுத்தார். பிட்டு வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் அந்த லாரி வந்தது. காலிச் சாக்குகளின் மேல், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு, என் கணவர் உட்கார்ந்திருந்தார். இறக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பாதம் இரண்டும் ஊறி வெளுத்து, தோல் தனியாகத் தொங்கியது. இவர் படகில் ஏறிக் கரை சேர்ந்த அன்று சாயங்காலமே அந்த மேடு கரைந்து, வேனும் புடவைகளும் ஆற்றோடு போய்விட்டன என்றான் டிரைவர். புடவைகள் எங்கே என்று கேட்டுப் பிறகு ஆபீஸிலிருந்து டாலிகஞ்சுக்கு ஆள் வந்தான். அதற்கு மட்டும் ஆள் வந்தான்.

ஆனால் அதெல்லாம் பின்னால். அன்றைக்கு அவரைக் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து, டீயைக் கையில் கொடுத்து, நான் கீழே உட்கார்ந்து அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இத்தனை நாள் தனியா. பயமா இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார். "போற வர்றவங்க எல்லார்கிட்டயும் நம்பரைக் காட்டினேன். யாராவது பேசியிருப்பாங்க, உனக்குத் தகவல் வந்திருக்கும், நீ நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேன். அந்த நினைப்புல தூங்கக்கூடத் தூங்கினேன்."

ஒரு வாய் டீ குடித்தார்.

"அந்த ஆளு தண்ணியில நின்னு, நம்ம பாஷையில, யாரும் வரமாட்டாங்கன்னு கத்தினான் பாரு. அப்பத்தான் பயம் வந்துது."

சொல்லி முடித்த பிறகு அவர் கையிலிருந்த டீ காலில் சிந்தியது. கிளாஸை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.