தின்னதும் அவன்தான்

அந்த டாக்டர் ஒல்லியானவர். பேசும்போதெல்லாம் டையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். மாத்தளையில் ஊரடங்குக் காலத்தில் என் தம்பி மூளைக்காய்ச்சலில் இறந்தான். அடக்கம் முடிந்த பிறகுதான், ஆஸ்பத்திரியில் அவன் மூளையை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, அதை எடுத்த அந்த டாக்டரிடம் போனார்.

“குடுத்துருங்க ஐயா, கல்லறையில வைக்கணும். உயிர்த்தெழும்போது அவன் முழுசா எழும்பணும்.”

“சீவிட்டோம்மா. மெல்லிசா சீவி, சாயம் ஏத்தினாத்தான் மூளையோட காவல் செல் தெரியும். கிருமிய விரட்ட வந்த செல்லுங்க, நரம்பையும் சேத்துத் தின்னுருச்சுங்க. வந்து பாருங்க, எவ்வளவு அழகு!”

அம்மா நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தார்.

“கறுப்புக் கறுப்பா இருக்கே, இதுல என் புள்ள எதுங்க?”

“எல்லாமே அவன்தாம்மா. தின்னதும் அவன், தின்னப்பட்டதும் அவன்.”

அவர் கேலி செய்யவில்லை. மிகுந்த பரிவோடுதான் சொன்னார். அந்தப் பரிவை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.