அரைக்கல்லார் கட்டி வைத்த மேகம்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு மேகத்தை எடை போட்டது. சந்தை நாள், காலை. மலையிலிருந்து மேகம் ஓட்டி வந்தவன் அதைப் பதினேழாம் முளையில் கட்டியிருந்தான். வாங்க வந்த விவசாயி தானிய மூட்டைமேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எடை போடும் முறை எளிது. மேகம் மேலே இழுக்கும். கயிற்றின் நுனியில் தட்டை மாட்டி, தட்டு தரையைத் தொடும்வரை கல் வைக்க வேண்டும். நீர் நிறைந்த மேகம் மந்தமாக இழுக்கும். நாலு கல் போதும். காய்ந்தது ஒன்பது கல் கேட்கும். கல் குறைந்தால் மழை அதிகம். அதனால் விற்பவர்கள் செய்யும் திருட்டும் ஒன்றுதான்: கயிற்றை நனைத்துவிடுவார்கள். ஈரக் கயிறே ஒரு கல் கனம் இருக்கும். எடைக்காரர் அதை அவிழ்த்துவிட்டுத் தன் காய்ந்த கயிற்றை மாட்டித்தான் எடை போடுவார்.

"காஞ்சிருக்கா பாருங்க" என்று எடைக்காரரான அப்பா தன் கயிற்றை மகளிடம் நீட்டினார்.

அவள் தொட்டுப் பார்த்தாள். "காஞ்சிருக்குப்பா."

தலையாட்டினார். பிறகு அதே கயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். "அம்மாடி, இத ஒரு தடவ பாருடி."

கயிற்றுக்காரி ஒரு புரியைப் பிரித்து உள்ளே விரலை விட்டாள். "மேலதான் காஞ்சிருக்கு பெரியப்பா. உள்ள ஈரம்."

"பாத்தீங்களா மதகம்மா? நீங்க தோலத் தொட்டீங்க. அவ வயித்தத் தொட்டா."

விவசாயி சிரித்தார். மேகம் ஓட்டியும் சிரித்தான். மகளுக்குக் காது சுட்டது. தலைநகரில் பதினோரு மதகுகளின் நீர்வரத்தைக் கணக்கிட்டுச் சொல்பவள் அவள்.

அப்பா இந்த ஊர்க்காரர் அல்ல. இருபது வயதில் மூட்டை தூக்க வந்தவர். பழைய எடைக்காரர் இடுப்பு பிடித்துப் படுத்த வாரம் யாரோ, "நீ வையேன் கல்ல" என்றார்கள். வைத்தார். முப்பத்தொரு வருடம் வைத்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை அரண்மனைத் தோட்டத்துக்குப் போகிற மேகத்தில் அரைக்கல் இடிக்கிறது என்று ராஜாவின் ஆட்களை மத்தியானம்வரை வெயிலில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் அரைக்கல்லார். ஊருக்கெல்லாம் மழை அளந்தவருக்கு மழை ஆகாது. நாலு தூறல் விழுந்தால் பத்துத் தும்மல்.

மேகத்தை அறுத்துப் பங்கு வைக்கும்போது மிஞ்சும் துண்டு எடைக்காரருக்கு. மனைவி போன பிறகு அந்தத் துண்டெல்லாம் மகளுக்குத்தான். முற்றத்தில் அவளை நிற்கவைத்துத் தலைக்குமேல் மேகத்தைப் பிழிவார்; அவள் குதிப்பாள், அவர் தும்முவார். அப்போது அவள்தான் அம்மாடி.

பதினைந்து வயதில் அவளை நீர்ப்பணிப் பள்ளிக்கு அனுப்பினார். படித்து, வேலையும் கிடைத்து அவள் ஊருக்கு வந்த அன்று, "வாங்க மதகம்மா" என்றார். கேலி என்று நினைத்தாள். அந்தக் கேலி நிலைத்துவிட்டது. அவளுக்கு வாங்க, உட்காருங்க. எட்டு வருடத்துக்கு முன் கயிறு விற்க வந்தவளுக்கு வாடி, போடி, பிடிடி. பெரியப்பா என்று கூப்பிட இவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

அடுத்த சந்தையில் அப்பா எடைக்கல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தார். கல் எண்ணுகிறார் என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லை. விடுப்பில் வந்திருந்த மகள் அப்போது வீட்டில் உடைந்த கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கொட்டகையைத் திறந்தாள். இருட்டில் ஒரு சின்ன மேகத் துண்டு கட்டியிருந்தது. கயிற்றில் சீட்டு, அப்பாவின் கையெழுத்து: 'கயிற்றுக்காரிக்கு. அவரை விதை முளை விட்டதும்.'

முற்றத்துக்கு இழுத்து வந்து எடை போட்டாள். நாலரைக் கல். நிழலில் மேகம் வாரக்கணக்கில் தாங்கும். வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு கல் காயும். இது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கொட்டகைக்குள் திருப்பிக் கட்டாமல் விட்டாள். துக்கம் கேட்க ஆள் வந்துகொண்டிருந்தார்கள். மறந்துவிட்டது என்று சொல்லலாம். பழி வெயிலுக்குப் போகும்.

மறுநாள் ஐந்தரை. அதற்கடுத்த நாள் ஆறரை. அன்று சாயங்காலம் கயிற்றுக்காரி வந்தாள், தோளில் ஒரு கயிற்றுச் சுருணையோடு.

"அக்கா, பெரியப்பா சொல்லிவச்ச புதுக் கயிறு. அடுத்து எடைக்கு வர்றவங்களுக்கு ஆகும்."

முற்றத்தில் மிதந்த மேகத்தைப் பார்த்தாள். சட்டென்று பார்வையைச் சுருணைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"உங்ககிட்ட நிறையப் பேசுவாரோ?" என்றாள் மகள்.

"பேசறதா! உங்க கடிதம் வந்தா நான் கடைய மூடிட்டுக் கேக்கணும். மூணாம் மதகுல பலகை மாத்துனது, ஏழாம் மதகுல மண்ணடைச்சது, அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒருநாள் பொறுக்க முடியாம, 'உங்க பொண்ணு பேசாம கயிறு திரிச்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்'னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டார்."

அந்தக் கடிதங்களுக்கு மகளுக்கு வந்த பதில் எப்போதும் மூன்றே வார்த்தை: 'நலம். மழை சுமார்.' பேச்செல்லாம் இந்தக் காதுக்குப் போயிருக்கிறது. தான் எழுதிய கடிதங்கள்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது.

என்னை மட்டும் ஏன் 'வாங்க' என்றார் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்கும் இவளிடமே பதில் இருந்துவிட்டால்? கேட்கவில்லை.

"அவரை விதை போட்டிருக்கீங்களாமே?"

"முந்தாநாள் முளைச்சுது. தினம் கேப்பார், 'தலை தூக்கிச்சாடி'ன்னு." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழரைக் கல். மேகத்தின் ஊடாக எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. மகள் புதுக் கயிற்றை எடுத்தாள். ஒரு புரியைப் பிரித்து உள்ளே விரலை விட்டாள். காய்ந்திருந்தது. அதை மேகத்தில் மாட்டினாள். பழைய கயிற்றிலிருந்த சீட்டையும் மாற்றிக் கட்டினாள்.

கயிற்றுக்காரியின் வீடு தெருக்கோடியில். முந்நூறு அடி. மிச்சமிருக்கும் நீர் அவரைப் பந்தலின் பாதிக்குக்கூடக் காணாது. மூன்று கல் மழை எங்கே போயிற்று என்று அவள் கேட்கமாட்டாள். அப்பா கேட்டிருப்பார்.

கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தட்டிலிருந்து கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.