போத்தலடியில் கிடந்த ஈஸ்ட்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒரு ஜாம் போத்தலின் அடியில் கிடந்த சேற்றை வருடக்கணக்காகக் காப்பாற்றி வந்தவன் நான். வீட்டில் பியர் செய்யும்போது வாளியின் அடியில் தங்கும் ஈஸ்ட் அது. ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் அள்ளிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த பியருக்கு ஊற்றுவேன். முதல் பியரைத் தோர்ண்டன் ஹீத்தில் குடியிருந்த நண்பன் ஒருவனோடு சேர்ந்து செய்திருந்தேன். ஈஸ்ட் மாறாவிட்டால் ருசியும் மாறாது என்பது என் சித்தாந்தம். புதுப் பாக்கெட் வாங்குவது துரோகம்.

அவனுக்குப் புற்றுநோய் முற்றியபோது, அந்த முதல் பியரை இன்னொருக்கால் குடிக்க வேண்டும் என்றான். செய்தேன். ஒரு வாய் வைத்துத் துப்பினேன். கிழட்டு ஈஸ்டுக்குள் வேறு ஏதோ கிருமி குடியேறி, எல்லாம் காடியாகியிருந்தது. திரும்பச் செய்வதென்றால் சில கிழமைகள் வேண்டும். அவனிடம் அவ்வளவு நாள் இல்லை.

அதையே கொண்டுபோனேன். கட்டிலில் சாய்ந்தபடி நிதானமாகக் குடித்தான்.

"அதே ருசி மச்சான். ஒரு சொட்டும் மாறேல்லை."

பஸ்ஸில் திரும்பும்போதே பழுது என் நாக்கில்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

செத்தவீடு முடிந்தபின் அவனுடைய மனைவிக்கு இதைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"கீமோ தொடங்கினதிலயிருந்து அவருக்கு ஒரு ருசியும் தெரியாது அண்ணை," என்றார். "ஆஸ்பத்திரிச் சூப்பையும் இப்பிடித்தான் புகழ்ந்தவர்."